ரிமோட் கார்: எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது?

ரிமோட் கார்கள் பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ‘எங்கே ஓட்டுவது, யார் தடுப்பார்கள், தடுத்தால் என்ன சொல்வது’ என்பதைச் சுற்றியே இருந்தன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தருகிறோம்.

பத்தாவது படிக்கும் மகனுக்கு 1/10 அளவு (நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு) ரிமோட் டிரக் வாங்கிக் கொடுத்தேன். பூங்காவில் ஓட்டியபோது காவலாளி விசில் ஊதி நிறுத்திவிட்டார். “இதுக்கு லைசென்ஸ் இருக்கா?” என்று கேட்டாராம். இதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டா?
– வேலூர் வாசகர்

லைசென்ஸ் கிடையாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், சாலையில் ஓடுவதற்கென்று செய்யப்பட்ட வாகனங்களைப் பற்றியது. ரிமோட் வண்டிக்கு நம்பர் பிளேட்டும் வேண்டாம், ஆர்.சி. புத்தகமும் வேண்டாம். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் பறப்பவற்றுக்கு மட்டும். இப்போது வரும் ரிமோட்டுகள் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2005லேயே உரிம விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் காவலாளி நிறுத்தியதில் தப்பில்லை. கேட்ட கேள்விதான் தப்பு. பூங்கா உள்ளாட்சி அமைப்பின் இடம். அங்கே எதை அனுமதிப்பது என்று அவர்கள்தான் முடிவு செய்வார்கள். அதோடு, உங்கள் மகன் கையில் இருப்பது விளையாட்டுப் பொருள் என்ற எண்ணத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். 1/10 டிரக் ஏறக்குறைய இரண்டரைக் கிலோ இருக்கும். சாதாரண பிரஷ் மோட்டார் இருந்தாலே மணிக்கு 40 கி.மீ. வரை போகும் வண்டிகள் உண்டு. 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டர். குழந்தை குறுக்கே வருவதைப் பார்த்து விரல் பிரேக்குக்குப் போவதற்குள் 8 மீட்டர் ஓடியிருக்கும். புழுதித் தரையில் சறுக்கி நிற்க இன்னும் 12 மீட்டர். ஆக 20 மீட்டர். வேகத்தை 20 கி.மீ.க்குக் குறைத்தால் இதே கணக்கு 7 மீட்டரில் முடிந்துவிடும். அதைவிடச் சக்தி வாய்ந்த பிரஷ்லெஸ் மோட்டாரும் 3எஸ் (மூன்று செல்) பேட்டரியும் போட்டு 80 கி.மீ. தொடும் வண்டிக்கு எந்த நகரப் பூங்காவும் போதாது.

யார் மீதாவது மோதிவிட்டால் பொதுவான குற்றவியல் சட்டம் வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவு, பிறர் உயிருக்கோ உடல் பாதுகாப்புக்கோ ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாக நடந்துகொள்வதைப் பற்றியது. காயம் ஏற்பட்டால் 6 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொடுங்காயம் என்றால் 3 ஆண்டு வரை போகும். பொம்மைக்கு என்று விலக்கு எதுவும் அதில் இல்லை.

செய்ய வேண்டியது இதுதான். பூங்காவை நிர்வகிக்கும் அலுவலகத்தில் ஒரு பக்கக் கடிதம் கொடுத்துக் கேளுங்கள். எந்த மூலை, எந்தக் கிழமை, எத்தனை மணி, வண்டியின் எடை, பெட்ரோல் வகை அல்ல பேட்டரி வகை என்பது – எல்லாம் எழுதுங்கள். ‘ரிமோட் கார் ஓட்ட அனுமதி’ என்று மொட்டையாகக் கேட்டால் ‘கூடாது’ என்றுதான் வரும். அனுமதி கிடைத்தாலும் நடைபாதை, குழந்தைகளின் ஊஞ்சல் பகுதி இரண்டுக்கும் பக்கத்தில் போகக் கூடாது. அரை வேகத்தில் ஓட்டும்போது ஆட்களிடமிருந்து 15 மீட்டர், முழு வேகத்தில் 30 மீட்டர் இடைவெளி வைத்துக்கொண்டால் மேலே சொன்ன கணக்கு சரியாக வரும்.

எங்கள் தெருவில் இரவு பத்து மணிக்கு மேல் ஆள் நடமாட்டமே இருக்காது. நல்ல தார் ரோடு. அங்கே ஓட்டலாமா?
– திருப்பூர் வாசகர்

கூடாது. ரிமோட் கார் தரையிலிருந்து ஒரு சாண் உயரம். பைக்கில் வருபவரின் ஹெட்லைட் வெளிச்சத்தில் அது தெரியும்போது அவருக்கு வண்டியை ஒடிக்க நேரம் இருக்காது. ஒடித்தால் அவர் விழுவார், ஒடிக்காவிட்டால் முன்சக்கரம் அதில் ஏறும். சன்ஹிதாவின் 285ஆவது பிரிவு, பொதுவழியில் ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாக்கினால் 5,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. அபராதத்தை விடுங்கள், ஆள் இல்லாத ரோட்டில்தான் பைக்குகள் வேகமாக வருகின்றன.

மைதானத்தில் ஓட்டிக்கொண்டிருந்தபோது வண்டி திடீரென்று சொல்பேச்சுக் கேட்காமல் நேராகப் போய், வாக்கிங் போன பெரியவர் ஒருவரின் காலில் இடித்துவிட்டது. நல்லவேளை, பெரிய அடி இல்லை. கடைக்காரர் “சிக்னல் விட்டிருக்கும்” என்கிறார். ரிமோட்டுக்குப் புது பேட்டரி போட்டாகிவிட்டது. இது போதுமா?
– திருச்சி கல்லூரி மாணவர்

போதாது. சிக்னல் விடுவது எந்த ரேடியோவிலும் நடக்கக்கூடியதுதான். விட்ட பிறகு வண்டி என்ன செய்கிறது என்பதுதான் விஷயம். நின்றிருக்க வேண்டும், உங்களுடையது ஓடியிருக்கிறது. அப்படியானால் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் விட்டால் வண்டியைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு, சரியாக அமைக்கப்படவில்லை.

சோதித்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். நான்கு சக்கரமும் தரையில் படாதபடி வண்டியை ஒரு செங்கல் மேலோ மரக்கட்டை மேலோ வையுங்கள். முதலில் ரிமோட்டை ஆன் செய்து, பிறகு வண்டியை ஆன் செய்யுங்கள். ரிமோட்டில் வேகம் கூட்டும் விசையான ட்ரிகரை லேசாக, கால்வாசி அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். சக்கரங்கள் சுற்றும். ட்ரிகரை விடாமலே ரிமோட்டை ஆஃப் செய்யுங்கள். ஒரு நொடிக்குள் சக்கரம் நிற்க வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் அந்த வண்டியை இன்று வெளியே எடுக்காதீர்கள். ஃபெயில்சேஃப் அமைக்கும் முறை ரேடியோவுக்கு ரேடியோ மாறும். சிலவற்றில் தனி பட்டன் இருக்கும். சிலவற்றில், ரிசீவரை (வண்டிக்குள் சிக்னல் வாங்கும் கருவி) ரிமோட்டோடு பைண்ட் செய்யும்போது, அதாவது இணைக்கும்போது, ட்ரிகர் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே அது நினைவில் வைத்துக்கொள்ளும். ட்ரிகர் நடு நிலையில் இருக்க பைண்ட் செய்துவிட்டு மறுபடி செங்கல் சோதனை செய்யுங்கள்.

அடுத்து, ஏன் சிக்னல் விட்டது? ரிசீவரிலிருந்து வரும் மெல்லிய ஆன்டெனா வயரைப் பாருங்கள். அதன் நுனியில் உறை உரிந்த மாதிரி இருக்கும் சுமார் 3 செ.மீ. பகுதிதான் உண்மையான ஆன்டெனா. பாடி மூடும்போது அது மடங்கி கியரில் சிக்கி அறுந்திருக்கும், அல்லது பேட்டரிக்கு அடியில் நசுங்கியிருக்கும். அதைச் சிறிய பிளாஸ்டிக் குழாயில் நுழைத்து நிமிர்த்தி வையுங்கள். இன்னொரு காரணம் யாரும் எளிதில் யோசிக்காதது: ஸ்டியரிங் சர்வோ, அதாவது சக்கரத்தை இடம் வலம் திருப்பும் சின்ன மோட்டார். சக்கரம் கல்லில் மாட்டியிருக்கும்போது சர்வோ முக்கி முக்கி அதிக கரண்ட் இழுக்கும். ரிசீவருக்குப் போகும் வோல்டேஜ் இறங்கி, அது ஒரு கணம் அணைந்து மறுபடி உயிர் பெறும். ‘அப்பப்ப விட்டு விட்டு வருது’ என்று சொல்லப்படும் கோளாறுகளில் பல இந்த வகைதான். பெரிய சர்வோ மாற்றியிருந்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

ஸ்விட்ச் வரிசையும் முக்கியம். போடும்போது ரிமோட் முதலில், அணைக்கும்போது வண்டி முதலில். வண்டி ஓடும்போது பதற்றத்தில் ரிமோட்டை அணைத்து அதை நிறுத்தப் பார்ப்பது மோசமான யோசனை. ட்ரிகரை விட்டு, பிரேக் பக்கம் தள்ளுங்கள்.

பெரியவரிடம் மறுநாள் போய்க் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தீர்களா? இல்லையென்றால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

பெசன்ட் நகர் கடற்கரை மணலில் ஓட்ட ஆசை. ‘வாட்டர் புரூஃப்’ வண்டிதான். கவனிக்க வேண்டியது என்ன?
– சென்னை வாசகர்

முதலில் உங்கள் வண்டி. வாட்டர் புரூஃப் என்று அட்டையில் இருப்பது குட்டைத் தண்ணீருக்கும் மழைக்கும். கடல் நீருக்கு அல்ல. உப்புத் தண்ணீர் பட்ட பேரிங்குகள் சில நாளிலேயே சொரசொரவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். ஈரமணலில் ஓட்டினால் வீடு திரும்பியதும் பேட்டரியைக் கழற்றிவிட்டு நல்ல தண்ணீரில் மெதுவாக அலசி, காற்றடித்து, நிழலில் உலர்த்தி, பேரிங்குகளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். காய்ந்த மணலுக்கு மட்டும் என்றால் தண்ணீர் வேண்டாம், பிரஷ் போதும். பினியனும் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) ஸ்பர் கியரும் (அது சுற்றும் பெரிய பல்சக்கரம்) சேரும் இடத்தில் ஒரு மணல் பரல் உட்கார்ந்தால் பிளாஸ்டிக் பல் மழுங்கிப்போகும். மூடி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

மணலில் மோட்டாருக்கு வேலை அதிகம். பத்து நிமிடம் ஓட்டி, கால் மணி நேரம் ஆற விடுங்கள். மோட்டார் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் கன் இருந்தால் நல்லது. இல்லையென்றால் விரலை ஒரு நொடிகூட வைக்க முடியாத சூடு என்றால் போதும், நிறுத்திவிடுங்கள். தொடர்ந்து சூடானால் பினியனை ஒன்றிரண்டு பல் குறைந்ததாக மாற்றுங்கள். உச்ச வேகம் குறையும். கடற்கரையில் அது நல்லதே.

இனி மற்றவர்கள். மாலை 5 மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் போகவே வேண்டாம். ஓட்டுவதற்கு வாகான இறுகிய ஈரமணல் எதுவோ அதில்தான் ஜனங்களும் நடப்பார்கள். துடுப்பு டயர் போட்டால் பின்னால் மணலை வாரி இறைக்கும். சுண்டல் தட்டு வைத்திருப்பவர் பக்கம் வண்டியின் பின்புறத்தைத் திருப்பாதீர்கள். சவாரிக் குதிரைகள் கண்ணில் பட்டால் வண்டியை உடனே நிறுத்திக் கையில் எடுத்துவிடுங்கள். கீச்சென்ற மோட்டார் சத்தத்தோடு தரையோடு தரையாக ஓடிவரும் எதுவும் குதிரையை மிரள வைக்கும். அதன் முதுகில் பெரும்பாலும் இருப்பது ஒரு குழந்தை.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இருட்டிய பிறகு இந்தக் கரையில் ஓட்டவே கூடாது. பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. வெளிச்சமும் சத்தமும் இருந்தால் ஏறவந்த ஆமை முட்டையிடாமல் திரும்பிவிடும். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் இருக்கும் பக்கம் போகும், எல்.ஈ.டி. விளக்கு மாட்டிய வண்டி அவற்றைக் கடலுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். டயர் கிழித்த பள்ளம் நமக்கு ஒரு கோடுதான். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சுக்கு அது ஏறமுடியாத வாய்க்கால். பொரிப்பது மே மாதம்வரைகூடத் தொடரும். அதனால் கோடை முடியும்வரை பகலில் ஓட்டினாலும் கிளம்பும்போது பள்ளங்களைக் காலால் நிரவிவிட்டுப் போங்கள்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் பிள்ளைகள் ரிமோட் கார் ஓட்டுகிறார்கள். நிறுத்தியிருந்த கார் ஒன்றில் கீறல் விழுந்து பெரிய சண்டையாகிவிட்டது. முழுவதும் தடை செய்யலாம் என்கிறார்கள் சங்கத்தில். வேறு வழி உண்டா?
– கோவை குடியிருப்போர் சங்கச் செயலாளர்

பேஸ்மென்ட்டைப் பொறுத்தவரை தடையே சரி. வழவழப்பான தரையில் டயருக்குப் பிடிப்பு இருக்காது. தூணுக்குப் பின்னால் போனால் ஓட்டுபவருக்கு வண்டி தெரியாது. சரிவில் இறங்கி வரும் காருக்கோ எதுவுமே தெரியாது. ஒருவேளை அனுமதித்தே ஆக வேண்டுமென்றால் 1/24 அல்லது அதைவிடச் சிறிய வண்டிகள் மட்டும், அதுவும் கார்கள் இல்லாத ஒரு மூலையில்.

மொட்டை மாடி கேட்பார்கள். கைப்பிடிச் சுவரில் மழைநீர் வெளியேறும் ஓட்டை ஒரு கை அகலம் இருந்தாலும் போதும், சின்ன வண்டி அது வழியாகக் கீழே விழும். இரண்டு கிலோ வண்டி சுவரில் மோதித் துள்ளித் தாண்டினால் கீழே போகிறவர் தலை. மாடி வேண்டாம். காம்பவுண்டுக்குள் காலியிடம் இருந்தால் வாரம் இரண்டு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். கீறல் விழுந்தால் யார் செலவு என்பதை இப்போதே பெற்றோர் கையெழுத்தோடு எழுதி வாங்கிவிடுங்கள். அடுத்த சண்டை பாதியாகக் குறையும்.

தெருநாய்கள் வண்டியைத் துரத்துகின்றன. ஓட்டலாமா, நிறுத்தலாமா?
– மதுரை வாசகர்

நிறுத்துங்கள். ஓடினால்தான் துரத்தும். நின்ற வண்டியை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். வேடிக்கைக்காக நாயை வண்டியால் துரத்துவதைச் சிலர் வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அந்த நாய் அடுத்து கடிப்பது வண்டியை அல்ல, சைக்கிளில் வரும் யாரையோ.

நாலைந்து நண்பர்கள் சேர்ந்து பள்ளி மைதானத்தில் ஓட்டுகிறோம். வண்டிகள் மோதி, சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் உடைவதே வேலையாகிவிட்டது. ஒழுங்கு ஏதாவது உண்டா?
– நாகர்கோவில் வாசகர்

போட்டித் தடங்களில் இருக்கும் ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் ஒரே இடத்தில், பக்கம் பக்கமாக நின்று ஓட்ட வேண்டும். ஆளுக்கொரு திசையில் நின்றால் எதிரெதிராகத்தான் வண்டி வரும். சுற்றும் திசையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். நான்கைந்து சிறிய கோன்கள், இல்லையென்றால் செருப்புகளை வைத்துத் தடம் போடுங்கள். வேகமான வண்டி பின்னால் வந்தால் மெதுவான வண்டி தன் கோட்டிலேயே போகட்டும்; திடீரென்று ஒதுங்குவதுதான் மோதலுக்குக் காரணம். முந்துவது பின்னால் வருபவரின் பொறுப்பு.

கவிழ்ந்த வண்டியை நிமிர்த்த ஒருவரை மார்ஷலாக நிறுத்துங்கள், முறை மாற்றி மாற்றி. அவர் தடத்துக்குள் காலெடுத்து வைக்கும் முன் “உள்ளே வர்றேன்!” என்று கத்த வேண்டும்; அந்தக் குரல் கேட்டதும் அந்தப் பக்கம் வரும் வண்டிகள் வேகத்தைக் குறைக்க வேண்டும். அவர் வண்டியைத் தூக்கும்போது சொந்தக்காரர் விரலை ட்ரிகரிலிருந்து எடுத்திருக்க வேண்டும். சுற்றும் டயரில் விரல் மாட்டினால் தோல் உரியும்.

27 மெகாஹெர்ட்ஸ் பழைய பொம்மை வண்டிகள் இரண்டு ஒரே சானலில் இருந்தால் ஒரு ரிமோட்டில் இரண்டும் ஓடும். அதனால் ஓட்டும் முன் ஒவ்வொன்றாக ஆன் செய்து பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

முக்கியமான ஒன்று: மைதானத்தின் நடுவில் கிரிக்கெட் பிட்ச் இருந்தால் அதன் மேல் ஒரு சக்கரம்கூடப் படக் கூடாது. குமிழ் டயர் வேகம் எடுக்கும் இடத்தில் மண்ணைப் பெயர்த்துவிடும். தண்ணீர் விட்டு ரோலர் போட்டவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள், இருக்கவும் வேண்டியதில்லை. பள்ளி மைதானம் என்றால் தலைமை ஆசிரியரின் அனுமதியும் வேண்டும்.

பேட்டரி இல்லாமல் எரிபொருள் எஞ்சினில் ஓடும் நைட்ரோ வண்டி வாங்கலாமா? சத்தம்தான் அழகு என்கிறார்கள்.
– ஈரோடு வாசகர்

அழகு உங்களுக்கு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல். இரவு 10 முதல் காலை 6 வரை 45. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக வரும். நைட்ரோ எஞ்சின் பக்கத்தில் இருந்தால் இந்த வரம்பு நிற்கவே நிற்காது. ஊருக்கு வெளியே, இடத்துக்காரர் சம்மதத்தோடு மட்டும்.

எரிபொருளில் பெரும்பகுதி மெத்தனால். பகல் வெளிச்சத்தில் அதன் தீ கண்ணுக்கே தெரியாது. காய்ந்த புல்லில் ஓட்டாதீர்கள். அதோடு கார்புரேட்டரைப் பின்னுக்கு இழுக்கும் ரிட்டர்ன் ஸ்பிரிங் மாட்டியே ஆக வேண்டும். பேட்டரி வண்டியில் ரிசீவர் செத்தால் மோட்டார் நின்றுவிடும். நைட்ரோவிலோ சர்வோ கடைசியாக எந்த நிலையில் இருந்ததோ அப்படியே நிற்கும், எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியை மைதானத்திலேயே சார்ஜ் செய்யலாமா?
– சேலம் வாசகர்

செய்யலாம், பக்கத்திலேயே ஆள் இருந்தால். ஓட்டி முடித்த சூட்டோடு மாட்டாதீர்கள். கையில் பிடித்தால் வெதுவெதுப்புகூடத் தெரியக் கூடாது. 5000 எம்.ஏ.ஹெச். பேட்டரிக்கு 5 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டாம். எல்லா செல்லையும் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் கனெக்டரை மாட்டியே சார்ஜ் செய்யுங்கள். ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஓட்டும்போது செல்லுக்கு 3.4 வோல்ட் வந்தால் நிறுத்திவிடுங்கள். வண்டியில், வோல்டேஜ் இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் லோ வோல்டேஜ் கட்-ஆஃப் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். நிக்கல் பேட்டரியோடு வந்த வண்டிகளில் அது ஆஃப் நிலையில் இருக்கலாம். நிழலில், தீத்தடுப்புப் பையில், பெஞ்சு மேல் அல்லாமல் வெறும் தரையில் வையுங்கள். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். உப்பிய பேட்டரி, மோதலில் நசுங்கிய பேட்டரி இரண்டையும் மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. பூங்காக் குப்பைத் தொட்டியில் போடவும் கூடாது, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

ஓட்டும்போது சின்னப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு “அண்ணா, எனக்கு ஒரு ரவுண்டு” என்கிறார்கள். மறுக்க மனம் வரவில்லை. கொடுக்கலாமா?
– புதுச்சேரி வாசகர்

கொடுங்கள், வேகத்தைக் கட்டிவிட்டு. பல ரிமோட்டுகளில் 50, 75, 100 சதவீதம் என்று த்ராட்டிலை (வேகத்தை) மட்டுப்படுத்தும் ஸ்விட்சோ திருகோ உண்டு. டிராக்ஸாஸ் எக்ஸ்.எல்.-5 போன்ற கன்ட்ரோலர்களில் (வண்டிக்குள் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பயிற்சி முறை இருக்கிறது: ரிமோட்டை ஆன் செய்து, வண்டி ஆஃப் நிலையில் இருக்கும்போது கன்ட்ரோலரின் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். அதன் விளக்கு பச்சையாகும், பிறகு சிவப்பாகும், பிறகு சிவப்பு கண் சிமிட்டத் தொடங்கும். மூன்று முறை சிமிட்டும்போது விடுங்கள். முன்னும் பின்னும் பாதி வேகம், பிரேக் மட்டும் முழுசாக இருக்கும்.

ஒரு பிள்ளை ஓட்டும்போது மற்ற பிள்ளைகள் அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும், வண்டிக்குப் பின்னால் ஓடக் கூடாது. வண்டி 30 மீட்டருக்கு மேல் போக விடாதீர்கள். அதற்கப்பால் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பெரியவர்களுக்கே தெரியாது. ரிமோட்டின் கயிற்றைப் பிள்ளையின் கழுத்தில் மாட்டாதீர்கள், நீங்கள் உடனே பிடுங்க வேண்டிவரும். வண்டி தன்னை நோக்கி வரும்போது இடம் வலம் மாறிவிடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னாலும் முதல் ரவுண்டில் தப்பாகத்தான் திருப்புவான். அந்த நேரத்தில் ட்ரிகரை மட்டும் விடச் சொன்னால் போதும்.